பாடி எடுக்க நாமக்கல்லுக்குப் போனது

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. சாலவாக்கம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் நானும் கன்னியப்பனும் ஏறினோம். மாசி மாதம், பனி இன்னும் விடவில்லை. ஏரிக்கரை மேல் பஸ் ஏறும்போது விளக்குப் போட்டும் டிரைவருக்குப் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. என் மடியில் மஞ்சள் பை. அதில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம். கன்னியப்பன் கையில் வாழையிலையில் சுற்றித் தண்ணீர் தெளித்த சாமந்தி மாலை. என் தம்பி ஏழுமலையின் புது லாரிக்குப் பூஜை போட்டு ஓட்டிவர நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம்.

இதைப் படிக்கிறவர்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பஸ் ஏறினபோது ஏழுமலை இறந்து கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியாது. எங்களைக் கூப்பிட்ட சேதியில் அதுதான் இருந்தது. நாங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டோம். போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம். போன வழியையும் வந்த வழியையும் எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

ஏழுமலை எனக்கு ஒரே தம்பி. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவன், அதனால் அந்தப் பேர். பன்னிரண்டு வருஷம் ஊரார் லாரியை ஓட்டினான். கடைசியில் கடன் உடன் பட்டு ஒரு சேஸிஸ் வாங்கினான். சேஸிஸ் என்றால் இன்ஜினும் சக்கரமும் நீட்டுச் சட்டமும் மட்டும். மேலே கூரையும் இருக்காது, கதவும் இருக்காது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மெட்ராஸிலிருந்து நாமக்கல் வரைக்கும் காற்றிலும் வெயிலிலும் ஓட்டிப் போக வேண்டும். அங்கேதான் மரத்தாலும் தகரத்தாலும் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். தை மாதம் போனான். பாடி முடிகிற வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பட்டறையிலேயே தங்கிவிட்டான்.

போகும்போது என்னிடம் சொன்னான்: "அண்ணா, பாடி ரெடியானதும் போன்ல சொல்லி அனுப்பறேன். நீதான் வந்து டயருக்கு எலுமிச்சம்பழம் வெக்கணும். உன் கை பட்டுத்தான் வண்டி நவுரணும்."

திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரம் உத்திரமேரூரிலிருந்து வந்த பஸ்ஸை எங்கள் தெருமுனையில் நிறுத்தி, கண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினார்.

"ஏழுமலை வூட்டுக்காரங்க யாரு? நாமக்கல்லுலேர்ந்து போன் வந்துச்சாம். பாடி ரெடியாம். ஒடனே வந்து எடுத்துக்கினு போவச் சொன்னாங்களாம். பாய் சொல்லச் சொன்னாரு!"

பாய் என்றால் உத்திரமேரூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர் கடை போன்தான் போன். விசில் ஊதிப் பஸ் போய்விட்டது. ஏழுமலையின் மனைவி பச்சையம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தாள். கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆன பெண்.

"இன்னா மாமா சொன்னாரு? ரெடியாமா?"

"ரெடியாம்மா. காலைல நானும் உன் தம்பியும் போறோம்."

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "இனிமே லாரி மொதலாளி பொண்சாதி. கொழாயாண்ட நம்மகூட நிக்குமா அது?"

"நீ போ யக்கா, சொம்மா," என்று பச்சையம்மா மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தாள்.

கன்னியப்பன் அவளுக்கு அடுத்துப் பிறந்தவன். ஏழுமலை அவனுக்கு மாமா, நான் பெரிய மாமா. புது லாரிக்கு அவன்தான் கிளீனர் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தது. அதனால் லாரி சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் ஒரு மாதமாகப் பொறுக்கி வைத்திருந்தான்.

உத்திரமேரூரில் இறங்கி வந்தவாசி பஸ் பிடித்தோம். பாய் கடை இன்னும் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருந்தாலும் அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். வந்தவாசி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். வழியெல்லாம் நெல் அறுப்பு. பஸ் சக்கரத்தில் மிதிபட்டுக் கதிர் பிரியட்டும் என்று ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள்.

கன்னியப்பன் எனக்குப் பாடம் நடத்தினான்.

"பெரிய மாமா, ஸ்டெப்னின்னா இன்னா, சொல்லு பார்ப்போம்."

"யாரு பொண்சாதி அது?"

"அட, கூட ஒரு சக்கரம் வெச்சிருப்பாங்கல்ல, பஞ்சர் ஆனா மாட்ட. அதான் ஸ்டெப்னி. எம்ட்டின்னா?"

"தெரியாது."

"லோடு எறக்கிட்டுக் காலியா வர வண்டி. எம்ட்டியா வந்தா டிரைவருக்கு நஷ்டம். ரிவர்ஸ்?"

"இதெல்லாம் தெரியாமலா நான் முப்பது வருஷம் மாட்டு வண்டி ஓட்டினேன்?"

"மாட்டு வண்டிக்கு ஏது மாமா ரிவர்ஸ்? மாட்டத் திருப்பணும்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கோரைப்பாய்க் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மாலையைப் பார்த்து, "கல்யாணமா?" என்று கேட்டார்.

"லாரிக்குங்க. பாடி எடுக்கப் போறோம்," என்றான் கன்னியப்பன்.

"நல்லாருக்கட்டும். ரோட்டுத் தொழிலு, பாத்துப் பண்ணச் சொல்லு," என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "தம்பி, பாடின்னா இன்னான்னு இவர கேளேன்."

"அது தெரியும் எனக்கு," என்றேன் நான். "அதுக்குத்தான போறோம்."

வந்தவாசியில் டீ முப்பது பைசா. அங்கே திருவண்ணாமலை பஸ்ஸுக்கு மாறினோம். சேத்துப்பட்டு, அவலூர்ப்பேட்டை வழி. மலை தெரிய ஆரம்பித்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நாஷ்டா முடித்து, அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கோபுர வாசல் வரைக்கும் நடந்து போய்க் கற்பூரம் ஏற்றினேன். "என் தம்பி ரோட்டுல பொழைக்கறவன். அவனுக்கு ஒரு ஆபத்தும் வராம நீதான் பார்த்துக்கணும், சாமி," என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன்.

அண்ணாமலையாரை நான் நொந்துகொள்ளவில்லை. கேட்க வேண்டிய நேரம் தாண்டிப் போய்க் கேட்டவன் நான்.

திருவண்ணாமலையிலிருந்து சேலம் பஸ். செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, அரூர். எங்கள் செங்கல்பட்டு ஜில்லா மாதிரி இல்லை அந்தப் பூமி. ஏரி கண்ணில் படுவது அபூர்வம். கல்லும் புளியமரமும் சிவப்பு மண்ணும். வெயில் ஏறிவிட்டது. மஞ்சவாடிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது முன்னால் ஐந்தாறு சேஸிஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருத்தன், தலையில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வெறும் பலகை மேல். கன்னியப்பன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கை ஆட்டினான். கடைசி ஆள் திரும்பக் கை ஆட்டினான்.

"ஏழுமலை மாமாவும் இப்படித்தான போயிருக்கும்? ராஜா மாதிரி!"

"தலைய உள்ள இழு," என்று கண்டக்டர் அதட்டினார்.

சேலத்தில் இறங்கும்போது ஒரு மணி இருக்கும். அங்கிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். தூரத்திலேயே கோட்டை வைத்த பெரிய பாறை தெரிகிறது. ஊருக்குள் நுழைந்தால் பார்க்கிற இடமெல்லாம் லாரி. முடிந்தது, முடியாதது, எலும்புக்கூடாக நிற்பது, பெயின்ட் காய்கிறது. முதலில் சாமி, அப்புறம்தான் வண்டி என்று சொல்லி ஆஞ்சநேயர் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். நடை சாத்தியிருந்தது. கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற சாமி அது. புது லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கே வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போவார்களாம். வாசலில் நின்றே கும்பிட்டோம். பட்டறைக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தோம்.

மற்ற பட்டறைகளில் எல்லாம் சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. நாங்கள் தேடிப்போன கொட்டகையில் மட்டும் சத்தம் இல்லை. ஏழெட்டுப் பேர் மரச்சட்டங்களின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். காதில் பென்சில் செருகிய ஒருத்தர் முன்னால் வந்தார். அவர்தான் மேஸ்திரி.

"வாங்க. ஊருல இருந்துங்களா?"

"ஆமாங்க. நான் ஏழுமலைக்கு அண்ணன்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். லாரி வாங்கினவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். அவர் கண் கன்னியப்பன் கையில் இருந்த மாலையில் போய் நின்றது.

"மாலையோடயே வந்துட்டீங்க. அதும் சரிதானுங்க."

"பின்ன, வெறுங்கையோடவா எடுத்துக்கினு போறது?" என்று கன்னியப்பன் சிரித்தான். "தேங்கா, எலுமிச்சம்பழம், எல்லாம் கீது. மாமா எங்கங்க?"

"ஆஸ்பத்திரிலதானுங்க வெச்சிருக்குது."

எனக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. கன்னியப்பன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவன் அதற்குள் லாரியைப் பார்த்துவிட்டான். கொட்டகையின் உள்ளே நின்றது. கேபின் முடிந்திருந்தது. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'ஏழுமலையான் துணை' என்று பெயின்டர் எழுதி முடித்திருந்தான். பின்னால் அடிப்பலகை மட்டும் போட்டிருந்தது. பக்கப் பலகை ஒன்றுகூட இல்லை.

"இன்னாங்க இது? பாடி ரெடின்னு சொல்லியனுப்பிட்டு, பலகையே அடிக்கலியே? எங்க பெரிய மாமா வயல்ல ஆளுங்கள வுட்டுட்டு வந்துக்கீறாரு. சரியான பேஜாருங்க உங்களோட!"

மேஸ்திரி கன்னியப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அந்த மாலையைப் பார்த்தார். அங்கேயே ஒரு சட்டத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சாமீ," என்றார். "நான் சொன்னது அந்தப் பாடி இல்லைங்க."

திங்கட்கிழமை காலையில் எதிர்ச்சாரிக் கடைக்கு டீ குடிக்க ரோட்டைத் தாண்டியிருக்கிறான். வேகமாக வந்த ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மேஸ்திரி உடனே பாய் கடைக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார். 'நாமக்கல்லில் இருந்து பேசுகிறேன், ஏழுமலைக்கு' என்கிற வரைக்கும்தான் போயிற்று, லைன் அறுந்துவிட்டது. அவர் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து முடித்ததும் மறுபடி போன் போட்டு, "பாடி ரெடியாயிருச்சுங்க, உடனே ஆளுகள வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரிடம் அப்படித்தான் சொன்னார்களாம். அதையே சொல்லிவிட்டார். பாய் அதைக் கேட்டு, "சந்தோசம்" என்று சொன்னாராம்.

"சந்தோசம்னு சொல்றாரேன்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆச்சுங்க," என்றார் மேஸ்திரி. "சரி, துக்கத்துல வாய் குழறியிருக்கும்னு வெச்சிட்டனுங்க. நாள் முழுக்க லாரி பாடிதான் கட்டறனுங்க. அந்த வார்த்தைக்கு இப்படியும் ஒரு அர்த்தம் வந்து நிக்கும்னு என் புத்திக்கு எட்டலைங்களே."

கன்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். "நான் பஸ்ஸுல கை ஆட்டிக்கினு வந்தேனே," என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பட்டறை ஆட்கள் அவனைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி கூட வந்தார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. எங்கள் அப்பா தூங்குகிற மாதிரியே வாயை லேசாகத் திறந்துகொண்டு படுத்திருந்தான். மாலையை எடுத்துப் போட்டேன். லாரிக்கென்று கட்டின மாலை நீளம் அதிகம். முழங்காலுக்குக் கீழே வந்தது. வேறு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கன்னியப்பன் உள்ளே வரமாட்டேன் என்று வெளியே சுவரைப் பார்த்து நின்றான்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. பச்சையம்மா! அவள் இன்னும் திங்கட்கிழமை சேதியில் இருக்கிறாள். லாரி வரும் என்று வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருப்பாள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் யாராவது அவளிடம் சொல்லியாக வேண்டும். ஆரத்தித் தட்டோடு வந்து அவள் இவனைப் பார்க்கக் கூடாது. அந்த ஒன்றுதான் அப்போது என் நெஞ்சில் இருந்தது. அழுகைகூட அதற்குப் பின்னால்தான் நின்றது.

பட்டறைக்குத் திரும்பி வந்து டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்தோம். வேன் ஏதாவது பார்க்கலாமா என்று நான் கேட்டேன். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"அவரு வண்டி நிக்குதுங்க. வேற வண்டியில எதுக்குங்க போகோணும்?"

அவர் கையைக் காட்டியதும் ஆட்கள் எழுந்தார்கள். அதுவரைக்கும் ஓய்ந்திருந்த கொட்டகையில் சுத்தியல் சத்தம் எழுந்தது. பக்கத்துக்கு ஒரு பலகை, ஒரு முழ உயரத்துக்கு, அவன் உருளாமல் இருக்க. வைக்கோல் பரப்பினார்கள். ஐஸ் கட்டிகளை வாங்கி மரத்தூளில் புதைத்தார்கள். செல்லமுத்து என்று ஒரு டிரைவர். மெட்ராஸிலிருந்து ஏழுமலையோடு கூடவே இன்னொரு சேஸிஸ் ஓட்டி வந்தவன். யாரும் கேட்காமலே, "நான் ஓட்டறனுங்க" என்று வந்து நின்றான்.

போன் மணி அடித்தது. பாய் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"இன்னாப்பா வரதா! பாடி கெடச்சுதா? வண்டி எப்பக் கெளம்புது? உன் தம்பி பொண்சாதி ரெண்டு தபா கடைக்கு வந்துட்டுது. ஆரத்திக்குச் சுண்ணாம்பு, மஞ்சள் வாங்கிக்கினு போச்சு. காசு வேணாம், லாரி வந்தா மொத லோடு எனக்குன்னு சொல்லியனுப்பினேன்."

"பாய்," என்றேன்.

"வரதா? லைன்ல கீறியா? பாடி நல்லா வந்துக்குதா?"

'பாடி' என்று மட்டும் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சாவு சொல்லும்போது தவறிட்டாரு என்பார்கள், சாமிகிட்ட போயிட்டாரு என்பார்கள். அந்த டிரங்க் கால் இரைச்சலில் 'ஏழுமலை சாமிகிட்ட போயிட்டான்' என்றால், திருப்பதிக்குப் போயிருக்கிறான் என்றே பாய் நினைப்பார். அதனால் வாழ்நாளில் என் வாயால் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"என் தம்பி செத்துட்டான் பாய். அந்தப் பாடிதான் ரெடின்னு சொன்னாங்க. லாரி பாடி இல்ல."

லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். அப்புறம் மூச்சு கேட்டது.

"நான் சந்தோசம்னு சொன்னேனேப்பா," என்றார் பாய். "கண்டக்டர்கிட்ட சிரிச்சிக்கினே சொல்லியனுப்பினேனே." பிறகு, "யார்கிட்டயும் சொல்லியனுப்ப மாட்டேன். கடையைச் சாத்திட்டு நானே போறேன். நானே போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன். நீ பத்திரமா வா," என்றார்.

பொழுது சாய்ந்ததும் புறப்பட்டோம். நானும் கன்னியப்பனும் பின்னால் வைக்கோலில் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பட்டறை ஆட்கள் ரோடு வரைக்கும் வந்து கும்பிட்டார்கள். அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. செல்லமுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி மெதுவாக இறக்கி ஏற்றினான் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு போன ஊர்களின் பேர்களே திரும்பி வந்தன. அரூர், ஊத்தங்கரை, செங்கம். போனபோது பெயர்ப்பலகைகளை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வந்த கன்னியப்பன் ஒன்றையும் படிக்கவில்லை.

புதன்கிழமை, சூரியன் கிளம்பி ஒரு பனை உயரம் வந்தபோது உத்திரமேரூருக்குள் நுழைந்தோம். பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் பாய் காத்து நின்றார். பின்சக்கரத்தின்மேல் காலை வைத்து ஏறிப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஏழுமலையின் தலையைத் தொட்டார். எங்களோடே வைக்கோலில் உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லிட்டீங்களா பாய்?"

"சொன்னேன்ப்பா. சுத்தி வளைக்காம, செத்துட்டாரும்மான்னு பச்சையாவே சொன்னேன். அது நம்பல."

"நம்பலன்னா?"

"'மொத தபா போன்ல தப்பாத்தான கேட்டீங்க பாய், இந்தத் தபாவும் தப்பாத்தான் கேட்டிருப்பீங்க'ன்னுது. நான் இன்னா சொல்றது? அதும் நெசந்தான? அழ வந்த பொம்பளைங்களத் தொரத்திட்டுது. 'எங்க பெரிய மாமா வரட்டும். அவுரு வாயால சொன்னாத்தான்'னு குந்திக்கினு கீது. ராவெல்லாம் ஒரு வாய் தண்ணி குடிக்கல."

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். "நீதான் சொல்லணும் பெரிய மாமா. என்னால ஆவாது. எங்க அக்கா மொகத்த நான் பாக்க மாட்டேன்."

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். என் வாழ்நாளில் ஆயிரம் தடவை போன ரோடு. அந்த ரோட்டில் அன்றைக்கு நான் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு போனேன். பாயிடம் சொன்ன வார்த்தை அவளிடம் என் வாயில் வராது. அவள் என் தம்பி கட்டினவள், என் வீட்டுக்கு வந்த பெண். பெருமாளே, ஒரே ஒரு வார்த்தை கொடு, அவளுக்குப் புரியவும் வேண்டும், அவளைக் கொல்லாமலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனேன். சேலத்து ரோட்டையும் கணவாயையும் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு எங்கள் ஏரியும் பச்சை வயலும் யாரோ ஒருத்தர் ஊர் மாதிரி இருந்தன.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு எருமை நடு ரோட்டில் நின்றது. அதுவரைக்கும் ஹாரனைத் தொடாமல் வந்த செல்லமுத்து பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டான். புது ஹாரன். அதன் சத்தம் ஏரித் தண்ணீர்மேல் போய் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

தெருமுனையில் ஊரே நின்றது. பச்சையம்மா எல்லாருக்கும் முன்னால் தனியாக நின்றாள். கையில் தட்டு இல்லை. நேற்றுக் கட்டின புடவையே. அவள் கண் லாரி நெற்றியில் இருந்த எழுத்தைப் படித்தது. கீழே நின்று பார்த்தால் பலகைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

நான் இறங்கினேன். அவள் என் கிட்டே வந்தாள்.

"மாமா, இன்னா எடுத்தாந்தீங்க?"

வழியெல்லாம் தேடின வார்த்தை ஒன்றும் வரவில்லை. தானாக வந்தது ஒன்றுதான்.

"ஏழுமலைய இட்டாந்துட்டேம்மா."

எங்கள் பக்கத்தில் மூட்டையை, சாமானை எடுத்துக்கினு வருவோம். ஆளைத்தான் இட்டுக்கினு வருவோம், நடந்து கூட வருகிற ஆளை. என் தம்பிக்கு வேறு பேச்சு என் வாயில் பழகவில்லை.

பச்சையம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன் இல்ல!" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் முன்பக்கம் ஓடினாள். டிரைவர் பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்தாள். செல்லமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஒதுங்கி நின்றான். அவள் படியில் ஏறி, காலியாக இருந்த சீட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் டிரைவர்கள் படுக்கிற பலகையைக்கூடக் குனிந்து பார்த்தாள்.

"எங்க, மாமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

நான் பின்பக்கம் கையைக் காட்டினேன்.